அக்காவின் ஸ்டெஃபியும் என் கணக்கும்

எங்கள் வீட்டில் முப்பது வருடத்துக்கும் மேலாக ஒரு வழக்கு தீர்ப்பாகாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. சொத்துத் தகராறு எல்லாம் இல்லை, அப்பா விட்டுப்போனதில் தகராறு பண்ணும் அளவுக்கு எதுவும் கிடையாது. ஜெர்மனியின் டென்னிஸ் வீராங்கனை ஸ்டெஃபி கிராஃப் வாங்கிய 22 கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களை (ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன் என்ற நாலு பெரிய போட்டிகள்தான் கிராண்ட்ஸ்லாம்) 22 என்றே எண்ணுவதா, இல்லை கொஞ்சம் கழித்துக்கொண்டு எண்ணுவதா, அதுதான் வழக்கு. வாதி நான், பிரதிவாதி என் அக்கா. அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, முட்டி வலிக்குத் தைலம் தேய்த்தபடியே இன்றைக்கும் ஸ்டெஃபிக்காக வரிந்துகட்டிக்கொண்டு வருவாள்.

ஆரம்பம் 1988. கோவில்பட்டியில் எங்கள் தெருவில் டிவி இருந்த நாலைந்து வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. கருப்பு வெள்ளைதான். கொடைக்கானல் டவர் வந்த பிறகுதான் படம் கொஞ்சம் புள்ளி இல்லாமல் தெரிய ஆரம்பித்திருந்தது. ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை வாக்கில் தூர்தர்ஷனில் விம்பிள்டன் பெண்கள் இறுதிப்போட்டி வரும். எங்களில் யாரும் டென்னிஸ் ராக்கெட்டைக் கையால் தொட்டதில்லை. எங்களுக்குத் தெரிந்த மட்டை விளையாட்டு பூப்பந்து, மஞ்சள் கம்பளிப் பந்தை வைத்து ரயில்வே மைதானத்துப் பக்கம் ஆடுவார்களே, அது. புல் மைதானம் எங்கள் டிவியில் சாம்பல் நிறத்தில் தெரியும். பாயின்ட் எண்ணும்போது பதினைந்து, முப்பதுக்குப் பிறகு நாற்பத்தைந்து வராமல் ஏன் நாற்பது வருகிறது என்று அப்பா ஒவ்வொரு வருடமும் கேட்பார். ஒவ்வொரு வருடமும் யாருக்கும் பதில் தெரியாது.

அந்த சாயங்காலம் ஒரு பக்கம் மார்ட்டினா நவரத்திலோவா. அதற்கு முந்தைய ஆறு வருடமும் விம்பிள்டனை வேறு யாருக்கும் விடாதவர். எதிர்ப்பக்கம் 19 வயது ஜெர்மன் பெண். முதல் செட்டை நவரத்திலோவா 7-5 என்று எடுத்தார், இரண்டாவது செட்டிலும் 2-0 என முன்னால் போனார். அவ்வளவுதான் கதை என்று அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அதற்கப்புறம் நடந்த 13 கேம்களில் 12 ஸ்டெஃபிக்கு. அப்பா திரும்பி வரும்போது பரிசுத் தட்டு ஸ்டெஃபி கையில் இருந்தது. பதினைந்து வயது அக்கா டிவிக்கு ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதமே ஸ்போர்ட்ஸ்டார் நடுப்பக்க போஸ்டர் ஒன்றை யாரிடமோ கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவந்து பீரோ கதவில் ஒட்டினாள். உள்ளே அம்மாவின் பட்டுச்சேலை, வெளியே ஸ்டெஃபியின் ஃபோர்ஹேண்ட்.

1988இல் அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபனில் கிறிஸ் எவர்ட்டைத் தோற்கடித்தார். ஜூனில் பிரெஞ்சு ஓபன் இறுதியில் நடாஷா ஸ்வெரேவாவை 6-0, 6-0. விம்பிள்டனில் நவரத்திலோவா. செப்டம்பரில் அமெரிக்க ஓபன் இறுதியில் கேப்ரியேலா சபாட்டினி. அதோடு நிற்கவில்லை. ஒலிம்பிக்கில் 64 வருடம் கழித்து டென்னிஸைப் பதக்கப் போட்டியாகத் திரும்பச் சேர்த்திருந்தார்கள். அக்டோபர் முதல் தேதி சியோலில் மறுபடி சபாட்டினியை வென்று தங்கம். ஒரே காலண்டர் வருடத்தில் நாலு கிராண்ட்ஸ்லாமும் ஒலிம்பிக் தங்கமும். கோல்டன் ஸ்லாம் என்ற பெயரே அதற்காகத்தான் பிறந்தது. சக்கர நாற்காலி டென்னிஸில் டைலன் ஆல்காட்டும் டீடே டி க்ரூட்டும் 2021இல் இதைச் செய்தார்கள். மற்றபடி ஒற்றையரில் இன்றுவரை வேறு ஆள் இல்லை. அதே 2021இல் ஜோகோவிச் மூன்று ஸ்லாமை வைத்துக்கொண்டு டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனார், அரையிறுதியில் ஸ்வெரெவிடம் விழுந்தார். ஸ்வெரெவ் ஜெர்மன்காரர். அக்கா அன்றைக்கு எனக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் சிரிப்பைத் தவிர வேறெதுவும் இல்லை.

ஸ்டெஃபி மன்ஹைமில் பிறந்து, பக்கத்தில் ப்ரூல் என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர். அப்பா பீட்டர் கிராஃப்தான் முதல் கோச். கைப்பிடியை அறுத்துக் குட்டையாக்கிய ராக்கெட்டைக் கையில் கொடுத்து, வீட்டு வரவேற்பறையில் வைத்தே மூன்று நாலு வயதில் அடிக்கப் பழக்கியிருக்கிறார். 13 வயதில் புரொஃபஷனல். முதல் பெரிய போட்டியில் ஸ்டுட்கார்ட்டில் டிரேசி ஆஸ்டினிடம் 6-4, 6-0 என்று தோற்றார். இந்த மாதிரிப் பெண்கள் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள் என்கிற மாதிரி ஆஸ்டின் அப்போது சொன்னதாகச் சொல்வார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து 1994இல் இந்தியன் வெல்ஸில் இரண்டு பேரும் மறுபடி மோதினார்கள், 6-0, 6-0. இந்த முறை பூஜ்யம் முழுக்க ஆஸ்டினுக்கு. இதைக் கேட்டால் அக்காவுக்குக் கிடைக்கும் திருப்தியைப் பார்க்க வேண்டுமே, சொந்த நாத்தனாரை ஜெயித்த மாதிரி.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் பட்டத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் ஸ்டெஃபி யாரென்றே பிடிபடாது. அவருடைய ஃபோர்ஹேண்ட் பார்க்க விநோதமாக இருக்கும். மற்றவர்கள் பந்தை உடம்புக்கு முன்னாலேயே சந்திப்பார்கள். இவர் பந்து உடம்புக்கு வெகு பக்கத்தில் வரும்வரை விடுவார், போச்சு, தவறவிட்டாச்சு என்று நாம் நினைக்கும் நேரத்தில் மணிக்கட்டும் தோளும் ஒரே வீச்சாகச் சுழன்று பந்து எதிர்ப்பக்க மூலையில் போய் விழும். அப்படித் தாமதமாக அடிக்க வேண்டுமானால் கால் முன்கூட்டியே இடத்துக்குப் போயிருக்க வேண்டும், அவருடைய முழு ஆட்டமும் அந்தக் காலில்தான் இருந்தது. பேக்ஹேண்ட் பக்கம் வரும் பந்தைக்கூட ஓடிச் சுற்றிக்கொண்டு ஃபோர்ஹேண்டால் அடிப்பார். இதனால் மைதானத்தில் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும், எதிராளிக்கு ஆசை வரும், அங்கே அடிப்பார், அங்கேயும் போய் நிற்பார். சர்வ் போடும்போது பந்தை அநியாய உயரத்துக்குத் தூக்கிப் போடுவார். இரண்டு பாயின்ட்டுக்கு நடுவே துண்டால் துடைப்பது, பந்தைப் பத்துத் தரம் தட்டுவது என்ற சடங்கு எதுவும் கிடையாது. பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி அடுத்த பாயின்ட்டுக்கு நடந்துவிடுவார்.

ஆனால் எனக்குப் பிடித்தது, எதிர்க்கட்சிக்காரனாக இருந்தும் சொல்கிறேன், அவருடைய பேக்ஹேண்ட் ஸ்லைஸ்தான். ஒரு கையால், மேலிருந்து கீழே, தேங்காய்ப் பத்தை கீறுகிற மாதிரி ஒரு வெட்டு. பந்து நெட்டை உரசுகிற உயரத்தில் மிதந்து போய், தரையில் பட்டதும் எழும்பாமல் வழுக்கிக்கொண்டு ஓடும். விம்பிள்டன் புல்லில் அது கணுக்கால் உயரத்துக்குத்தான் வரும். எதிரில் இருப்பவர் குனிந்து அதைத் தோண்டி எடுத்து மேலே தூக்கித்தான் அனுப்ப முடியும், தூக்கி அனுப்பினால் அங்கே ஃபோர்ஹேண்ட் காத்திருக்கும். அதாவது ஸ்லைஸ் என்பது தூண்டில் புழு. நானும் பூப்பந்து மட்டையால் சுவரில் அந்த வெட்டை மாதக்கணக்கில் பழகிப் பார்த்தேன். கம்பளிப் பந்து வழுக்காது, சொத்தென்று சுவரடியிலேயே உட்கார்ந்துவிடும்.

நான் ஏன் எதிர்க்கட்சி என்று சொல்லவேண்டும். எனக்கு நொட்டாங்கைப் பழக்கம். சாப்பிடும்போது ஆச்சி கையில் தட்டுவாள், பள்ளிக்கூடத்தில் எழுதும்போது வாத்தியார் தட்டுவார், யாராவது ஒருவர் எப்போதும் என் இடது கையைத் தட்டிக்கொண்டே இருந்த காலம். அப்போது யூகோஸ்லாவியாவின் நோவி சாட் என்ற ஊரிலிருந்து ஒரு பெண் வந்தார். இடது கைக்காரர். ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட் இரண்டையுமே இரண்டு கையால் பிடித்து அடிப்பார், ஒவ்வொரு அடிக்கும் ஒரு சத்தம் போடுவார், பாயின்ட் முடிந்தால் சிரிப்பார். மோனிகா செலஸ். எனக்கு அதுவே போதும். 1990 மே மாதம் பெர்லினில், ஸ்டெஃபியின் சொந்த மண்ணில், அவர் தொடர்ச்சியாக 66 ஆட்டம் ஜெயித்து வந்திருந்த வரிசையை செலஸ் உடைத்தார். சில வாரத்தில் பிரெஞ்சு ஓபன் இறுதியிலும் அவரையே வென்றபோது செலஸுக்கு வயது 16. பீரோவின் இன்னொரு கதவு எனக்கு ஒதுக்கப்பட்டது.

அடுத்த மூன்று வருடம் எங்கள் வீட்டில் நிம்மதியே கிடையாது. 1992 பிரெஞ்சு ஓபன் இறுதியில் செலஸ் மூன்றாவது செட்டை 10-8 என்று எடுத்தார். இன்றைக்கும் பெண்கள் டென்னிஸில் சிறந்த ஆட்டம் எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். ஒரு மாதம் கழித்து விம்பிள்டனில் செலஸ் போடும் சத்தத்தைப் பற்றி எதிராளிகள் புகார் பண்ண, இறுதிப்போட்டியில் அவர் வாயை மூடிக்கொண்டு ஆடி ஸ்டெஃபியிடம் 6-2, 6-1 என்று தோற்றார். 'ஊமையா இருந்தா தோப்பா, கத்துனா ஜெயிப்பா, இது என்னல டென்னிஸு' என்றாள் அக்கா. 1993 ஜனவரியில் ஆஸ்திரேலிய இறுதியில் மறுபடி செலஸ். அதுவரை இரண்டு பேரும் மோதிய கிராண்ட்ஸ்லாம் இறுதிகள் 4, அதில் 3 செலஸுக்கு. 19 வயதில் அவர் கையில் 8 பட்டம் இருந்தது. அந்த வேகத்தில் போயிருந்தால் எங்கே போய் நின்றிருக்கும் என்று நினைத்துப் பார்க்காத ரசிகன் கிடையாது.

1993 ஏப்ரல் 30, ஹாம்பர்க். காலிறுதி, மக்டலேனா மலேவாவுக்கு எதிராக செலஸ் 6-4, 4-3 என முன்னிலை. பக்கம் மாறும் இடைவேளையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் பார்வையாளர் கூட்டத்திலிருந்து ஒருவன் வந்து இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே கத்தியால் குத்தினான். ஸ்டெஃபியின் தீவிர ரசிகன். ஸ்டெஃபி மறுபடி நம்பர் ஒன் ஆகவேண்டும், அதுதான் அவனுக்கு வேண்டியது. காயம் ஆழமில்லை, சில வாரத்தில் ஆறிவிட்டது என்றார்கள். செலஸ் திரும்பி வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. குத்தியவனுக்கு ஜெர்மன் நீதிமன்றம் இரண்டு வருடம் தண்டனை கொடுத்து அதையும் நிறுத்திவைத்தது, அவன் வீட்டுக்குப் போனான். செலஸ் அதன்பிறகு ஜெர்மனியில் ஆடவே இல்லை. அவன் ஆசைப்பட்டது அந்த ஜூன் மாதமே நடந்தது, ஸ்டெஃபி நம்பர் ஒன்.

செய்தி பேப்பரில் வந்த காலையில் அக்கா கல்லூரி விடுதியிலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். நான் எதுவும் பேசவில்லை, பேச வரவில்லை. அவள்தான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, 'ஏல, இனிமே அவ எத்தன ஜெயிச்சாலும் நீ இதச் சொல்லிக் காட்டுவ, என்ன' என்றாள். இருபது வயதுப் பெண்ணுக்கு அது எப்படித் தோன்றியதோ. முப்பது வருடமாக நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். என் கணக்கு இப்படி. ஹாம்பர்க்குக்கு முன்னால் ஸ்டெஃபி வாங்கியது 11. செலஸ் வீட்டில் முடங்கிக் கிடந்த காலத்தில் 6. செலஸ் திரும்பி வந்த பிறகு 5. மொத்தம் 22. நடுவில் இருக்கிற அந்த 6தான் வழக்கு. ரொம்ப நாள் வரை நான் பதினாறுதான் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதற்கு அக்கா சொன்ன பதிலை நேர்மையாகப் பதிவு செய்துவிடுகிறேன், ஏனென்றால் பாதி வழக்கை அவள் அங்கேயே ஜெயித்துவிட்டாள். முதலாவது, அந்த 6இல் இரண்டு விம்பிள்டன், 1993உம் 1995உம். செலஸ் தன் வாழ்நாளில் விம்பிள்டன் ஜெயித்ததே இல்லை, ஆகவே அந்த இரண்டையும் கழிக்க எனக்கு அதிகாரம் கிடையாது. மிச்சம் 4. இரண்டாவது, செலஸ் இல்லாத அந்தக் காலத்தில் நடந்த கிராண்ட்ஸ்லாம் மொத்தம் 10. எல்லாவற்றையும் ஸ்டெஃபி வாரிக்கொண்டு போகவில்லை. அரன்ட்சா சான்செஸ் விகாரியோ 2, கொஞ்சிட்டா மார்ட்டினஸ் 1, மேரி பியர்ஸ் 1. 1994 விம்பிள்டனில் நடப்புச் சாம்பியனாக வந்து முதல் சுற்றிலேயே லோரி மெக்நீலிடம் தோற்றுப் போனார் ஸ்டெஃபி, அதற்கு முன் பெண்கள் சாம்பியன் யாருக்கும் அது நடந்ததில்லை. 'ஆளில்லாத கடையில கொள்ளையடிச்சான்னு சொல்லுதியே, முதல் ரவுண்ட்ல தோத்ததுக்கு என்ன சொல்லுத?' என்று கேட்டாள். சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் மிச்ச நாலை நான் விடவில்லை. 1993 பிரெஞ்சு ஓபன், 1993 அமெரிக்க ஓபன், 1994 ஆஸ்திரேலிய ஓபன், இந்த மூன்றிலும் செலஸ்தான் நடப்புச் சாம்பியன். ஒருவருடைய வீட்டில் அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது கிரகப்பிரவேசம் நடத்துகிற மாதிரி இருந்தது எனக்கு. ஸ்டெஃபி மேல் குற்றம் எதுவும் இல்லை, ஹாம்பர்க் ஆஸ்பத்திரிக்கே போய் செலஸைப் பார்த்தார், அதுவும் தெரியும். அவருடைய தலையில் கேட்காமலேயே ஒருவன் கொண்டுவந்து இறக்கிய பாரம் அது. இதை எந்த வயதில் ஒப்புக்கொண்டேன் என்று கேட்டால், முப்பத்தைந்துக்கு மேல்தான்.

அந்த 1993 விம்பிள்டன் இறுதியை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கவேண்டும், அன்று கலர் டிவி வந்துவிட்டது. யானா நோவோட்னா, செக் நாட்டுக்காரர், ஓடி ஓடி நெட்டுக்கு வந்து ஆடுபவர். மூன்றாவது செட்டில் 4-1 என்று முன்னிலை, அவருடைய சர்வ், 40-30. இன்னும் ஒரு பாயின்ட் எடுத்தால் 5-1. டபுள் ஃபால்ட் போட்டார், அதாவது கிடைத்த இரண்டு சர்வும் தப்பு. அவ்வளவுதான், அங்கிருந்து கை நடுங்க ஆரம்பித்தது அவருக்கு, நம் கண்ணுக்கே தெரிந்தது, எதிரில் ஸ்டெஃபி அவசரப்படாமல் அந்த ஸ்லைஸை மறுபடி மறுபடி போட்டுக்கொண்டே இருந்தார். ஐந்து கேம் வரிசையாகப் போய் 6-4. பரிசளிப்பின்போது கென்ட் சீமாட்டி ஆறுதலாக ஏதோ சொல்ல, நோவோட்னா அவர் தோளில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதார். ராஜ குடும்பத்துப் பெண்மணியின் தோளில் இப்படி ஒருவர் அழுவதை உலகமே பார்த்தது. ஜெயித்தவரை அன்றைக்கு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் அம்மா, டென்னிஸே பிடிக்காதவள், சமையல்கட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டு, 'இந்தப் புள்ளைக்கே குடுத்திருக்கலாம்' என்றாள். 1998இல் நோவோட்னா ஒருவழியாக விம்பிள்டன் வாங்கினார். 2017இல், ஐம்பது வயதுகூட ஆகாமல், புற்றுநோயில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஸ்டெஃபிக்கு ஜெயிப்பது சந்தோஷமாகவே இல்லையோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும். 1995இல் முதுகு படுத்திக்கொண்டிருந்தது, ஆகஸ்டில் அப்பா பீட்டர் கிராஃபை வரி ஏய்ப்பு வழக்கில் கைது பண்ணி உள்ளே வைத்தார்கள், மகள் சம்பாதித்த காசுக்கு வரி கட்டாத வழக்கு. அடுத்த மாதமே அமெரிக்க ஓபன் இறுதி, எதிரில் திரும்பி வந்திருந்த செலஸ். முதல் செட் டைபிரேக்கில் ஸ்டெஃபிக்கு, இரண்டாவதில் 0-6 என்று வெளுத்து வாங்கப்பட்டார், மூன்றாவதை 6-3 என்று எடுத்தார். ஜெயித்த பின் நிருபர்கள் அப்பாவைப் பற்றிக் கேட்டதும் அழுதுகொண்டே எழுந்து போனார். எனக்கு அன்றைக்கு முதல் தடவையாக அவர் மேல் பாவமாக இருந்தது, அக்காவிடம் சொல்லவில்லை.

அடுத்த வருடம் விம்பிள்டன் அரையிறுதி, ஜப்பானின் கிமிகோ டாட்டேவுடன் ஆட்டம். சர்வ் போடப் பந்தைத் தட்டிக்கொண்டிருக்கிறார், அரங்கமே கப்சிப்பென்று இருக்கும்போது கூட்டத்திலிருந்து ஒரு ஆண் குரல், ஸ்டெஃபி, என்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்வாயா என்று. எல்லோரும் சிரிக்கிறார்கள். இவரும் சிரித்துவிட்டு, ஒரு விநாடி விட்டு, உன்னிடம் எவ்வளவு பணம் இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார். அரங்கமே அதிர்ந்தது. இன்றைக்கும் யூடியூபில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, நகைச்சுவை என்று. அந்தச் சமயம் அவருடைய அப்பா பண விவகாரத்தில் ஜெயிலில் இருந்தார் என்பதை அந்த வீடியோவுக்குக் கீழே யாரும் எழுதுவதில்லை. தெரிந்துகொண்டு மறுபடி பாருங்கள், அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருக்கும்.

அப்புறம் 1997இல் முட்டி ஆபரேஷன், மாதக்கணக்கில் ஓய்வு, தரவரிசையிலிருந்தே காணாமல் போனார். முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

1999 ஜூன் 5. அக்கா தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்து, பிள்ளை பெற்று நாற்பது நாள்கூட ஆகவில்லை. இங்கிலாந்தில் உலகக் கோப்பை கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது, முந்தைய நாள்தான் இந்தியா ஆஸ்திரேலியாவிடம் தோற்றிருந்தது, அந்தத் துக்கத்தில் அப்பா ரிமோட்டைத் தானாகவே எங்களிடம் கொடுத்துவிட்டார். கேபிளில் பிரெஞ்சு ஓபன் இறுதி. ஸ்டெஃபிக்கு 30 வயது ஆக இன்னும் சில நாள், எதிரில் 18 வயது மார்ட்டினா ஹிங்கிஸ், உலக நம்பர் ஒன். அங்கே வருவதற்கு முன் இரண்டாம் இடத்து டாவன்போர்ட்டையும் மூன்றாம் இடத்து செலஸையும் ஸ்டெஃபி சாய்த்திருந்தார். செலஸைச் சாய்த்ததில் எனக்கு வருத்தம்தான்.

விஷயம் என்னவென்றால் சேலைத் தொட்டிலில் பிள்ளை தூங்குகிறது. சத்தம் போடக்கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அக்கா ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு, இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்க்கிறாள். முதல் செட் ஹிங்கிஸ் 6-4. இரண்டாவதில் 2-0. அப்போது ஒரு பந்தை வெளியே என்று கொடுத்தார்கள். ஹிங்கிஸ் ஒத்துக்கொள்ளவில்லை. அம்பயரிடம் முறையிட்டுப் பார்த்துவிட்டு, நெட்டைச் சுற்றி ஸ்டெஃபியின் பக்கத்துக்கே நடந்து போய் மண்ணில் பந்து பட்ட தடத்தைக் காட்டினார். எதிராளியின் பக்கத்துக்குப் போகக்கூடாது என்பது விதி, ஒரு பாயின்ட் அபராதம். பாரிஸ் கூட்டம் அந்த நிமிடத்திலிருந்து ஹிங்கிஸுக்கு எதிரியாகிவிட்டது. அப்படியும் 5-4 என்று வந்து பட்டத்துக்கு சர்வ் போட்டார் ஹிங்கிஸ், மூன்றே பாயின்ட் தூரம். கைக்கு எட்டவில்லை. 7-5 ஸ்டெஃபி. மூன்றாவது செட்டில் தோற்கும் கட்டத்தில் ஹிங்கிஸ் கீழ்க்கையால் சர்வ் போட, அரங்கம் முழுக்க ஊளை. 6-2. ஹிங்கிஸ் மைதானத்தை விட்டே ஓடிவிட்டார். அவருடைய அம்மா தோளில் கைபோட்டு, அழுகிற பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பக் கூட்டிவருகிற மாதிரி பரிசளிப்புக்குக் கூட்டிவந்தார். ஸ்டெஃபி முகத்தில் நான் அதுவரை பார்க்காத சிரிப்பு. அக்கா பொத்திய வாயோடு குலுங்கிக் குலுங்கி, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, தொட்டில் மட்டும் வழக்கத்தைவிட வேகமாக ஆடியது. பிள்ளை எழுந்துவிட்டது.

அது 22ஆவது. இந்தப் பட்டத்தில் மட்டும் என் கணக்கு நோட்டைத் திறக்கவே முடியாது, 1, 2, 3 மூன்று பேரையும் அடித்து வாங்கியது, அதில் செலஸும் ஒருவர். ஒரு மாதம் கழித்து விம்பிள்டன் இறுதியில் டாவன்போர்ட்டிடம் தோற்றார், ஆகஸ்டில் போதும் என்று சொல்லி நிறுத்திவிட்டார். நிறுத்தும்போது உலகத் தரவரிசையில் மூன்றாவது இடம். பாரிஸில் அவர் ஜெயித்த மறுநாள் ஆண்கள் பட்டத்தை வாங்கியவர் ஆந்த்ரே அகாசி. 2001இல் இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொண்டார்கள், இரண்டு பிள்ளைகள், லாஸ் வேகாஸில் குடித்தனம்.

அதற்குப் பிறகு அவரைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. இத்தனை பட்டம் வாங்கியவர்கள் பொதுவாக கமென்டரி பாக்ஸில் உட்கார்ந்துகொண்டு எங்கள் காலத்தில் என்று ஆரம்பிப்பார்கள், இல்லையென்றால் கோச்சாகப் போவார்கள். ஸ்டெஃபி இரண்டும் செய்யவில்லை. போரினாலும் அகதியானதாலும் மனம் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக 1998இலேயே தொடங்கிய சில்ட்ரன் ஃபார் டுமாரோ அமைப்பு, அப்பப்போ ஒரு காட்சி ஆட்டம், சமீபத்தில் அகாசியோடு பிக்கிள்பால், அவ்வளவுதான். ஜெர்மனியின் ஏஞ்சலிக் கெர்பர் 2015இல் லாஸ் வேகாஸுக்கே போய் அவரோடு பயிற்சி எடுத்தார், மறு ஜனவரியில் ஆஸ்திரேலிய இறுதியில் செரீனா வில்லியம்ஸைத் தோற்கடித்தார், அந்தத் தோல்வியால் செரீனா 22ஐத் தொடுவது அந்த ஜூலை விம்பிள்டன் வரை தள்ளிப்போனது. தன்னுடைய சாதனைக்குத் தானே காவல் போட்ட மாதிரி. 2017இல் செரீனா 23 வாங்கி அதைத் தாண்டினார். ஸ்டெஃபியின் 377 வாரம் நம்பர் ஒன் என்கிற கணக்கை 2023 பிப்ரவரியில் ஜோகோவிச் தாண்டினார், பெண்களில் இன்னும் யாரும் பக்கத்தில் இல்லை. நாலு கிராண்ட்ஸ்லாமையும் குறைந்தது நாலு நாலு தடவை வாங்கியவர் என்பது இன்னும் ஸ்டெஃபி ஒருவர்தான்.

அவருடைய ஆட்டத்தை ஏன் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் எனக்கு ஆதங்கம். செலஸ் ஆடிய ஆட்டம், பேஸ்லைனுக்குள் நின்று இரண்டு கையாலும் விளாசுவது, அதுதான் இன்று உலகம் முழுக்க. ஸ்டெஃபியின் ஸ்லைஸை நம்பி ஒரு பெரிய ஆட்டத்தையே கட்டியவர் என்று எனக்குத் தோன்றியது ஆஸ்திரேலியாவின் ஆஷ் பார்ட்டி ஒருவர்தான், அவரும் 25 வயதில், நம்பர் ஒன்னாக இருக்கும்போதே, வேண்டாம் என்று போய்விட்டார். பட்டங்களில் அக்கா ஜெயித்தாள், வாரிசுகளில் நான் ஜெயித்தேன் என்று ஒரு சமாதான ஒப்பந்தத்தை முன்வைத்துப் பார்த்தேன். அக்கா கையெழுத்துப் போடவில்லை. செலஸோடு நேருக்கு நேர் மோதியதில் 10-5 ஸ்டெஃபிக்குத்தான், அதைச் சேர்த்து எழுது என்றாள். இதோ, எழுதிவிட்டேன்.

2025 ஜூலையில் விம்பிள்டன் பெண்கள் இறுதியில் போலந்தின் ஸ்வியாடெக் அமெரிக்காவின் அனிசிமோவாவை 6-0, 6-0 என்று முடித்தார். கிராண்ட்ஸ்லாம் இறுதியில் அப்படி ஒரு ஸ்கோர், ஸ்டெஃபி ஸ்வெரேவாவை முடித்த 1988 பாரிஸுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வந்தது. கடைசிப் பந்து விழுந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, போன் அடித்தது. அக்காதான்.

'எவ்வளவு நேரம் ஆச்சுல?'

57 நிமிடம் என்றேன்.

'எங்காளுக்கு 34' என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், 'அதுலயும் நடுவுல மழை வேற' என்று சொல்லி வைத்துவிட்டாள்.